மாமாவின் எலும்பு சூப்

அலுவலகத்தில் எனக்குத் தக்காளி என்று பெயர். வைத்தவன் பக்கத்து நாற்காலிக்காரன். கழுத்தில் தொடங்கி, கன்னம், காது, நெற்றி என்று என் முகம் மளமளவென்று சிவந்து ஏறுவதைப் பார்த்து ஒரு நாள் வாய்தவறிச் சொன்னான், அதுவே ஒட்டிக்கொண்டது. கொடுமை என்னவென்றால், நான் முதன்முதலில் விட்டொழித்த சாப்பாடே தக்காளிதான். தின்னாத காயின் பெயரைச் சுமந்துகொண்டு திரிந்தேன். பையன் நல்லவன்தான், ஆனாலும் எரிச்சலாக வரும்.

எங்களுக்கு ஆம்புலன்ஸ் அழைப்பு எடுக்கிற வேலை. சன்னல் இல்லாத பெரிய அறை. ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு திரைகள். ஒன்றில் வரைபடம், ஒன்றில் கேட்க வேண்டிய கேள்விகள். எந்த வண்டி நிற்கிறது, எது ஓடுகிறது என்று சுவர்ப்பலகையில் விளக்குகள் மாறி மாறி எரியும். அந்தப் பக்கம் ஒருவர் "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்று கத்துவார். எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டார். அவரிடமிருந்து முகவரியைக் கறக்க வேண்டும். மூச்சு இருக்கிறதா, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்று கேட்க வேண்டும். வண்டி வாசலுக்குப் போய்ச் சேரும்வரை பேச்சை விடக் கூடாது. எனக்கு அந்த வேலை என்றால் உயிர். வீட்டில் ஒரு இடத்தில் ஒரு நிமிடம் உட்கார மாட்டேன், கால் பரபரவென்று இருக்கும். ஹெட்செட்டை மாட்டினால்தான் அடங்குவேன்.

அந்த வேலைக்குத்தான் உலை வந்தது.

மாடிப்படியில் விழுந்த மனைவிக்காக ஒருவர் அழைத்திருந்தார். பேசிக்கொண்டே இருக்கிறேன், கழுத்தில் சுள்ளென்று ஏறியது. இதயம் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. நாக்கு தடித்து, எதிரே திரையில் இருக்கிற கேள்வி எழுத்து எழுத்தாகத் தெரிகிறதே ஒழிய வாக்கியமாகச் சேரவில்லை. "மேடம்... மேடம், இருக்கீங்களா?" என்று அந்த மனிதர் கெஞ்சுகிறார். பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு அழைப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நான் கழிப்பறைக்கு ஓடி முகத்தைத் தண்ணீருக்கடியில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கணுக்கால் முறிவோடு போயிற்று. ஆனால் அதற்குப் பிறகும் எனக்கு இப்படி ஆயிற்று, மறுபடியும் ஆயிற்று.

சூப்பர்வைசர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "உன்மேல கோபமில்லடி. ஆனா நடுவுல நீ எழுந்து ஓடினா, அந்தப் பக்கம் போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன் என்ன ஆவான்?"

"மாத்திரை இருக்குக்கா."

"மாத்திரையைப் போட்டா தூங்கி வழியறே. அதையும்தான் பார்த்தேனே."

அவள் சொன்னது இதுதான். மேலாளரும் அலுவலக டாக்டரும் ஒரு நாள் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழைப்பு எடுப்பதைக் கேட்பார்கள். அன்றைக்குத் தேறினால் நாற்காலி எனக்கு. அன்றைக்கும் சிவந்துகொண்டு எழுந்து ஓடினால் ஸ்டோர் ரூம். கையுறைப் பெட்டிகளையும் கட்டுத்துணியையும் அடுக்கிக்கொண்டு ஓய்வு பெறும்வரை அங்கேயே இருக்கலாம். புளியை விட்டே எத்தனையோ காலம் ஆகியிருந்தது, இனி நாற்காலியையும் விட வேண்டுமா?

நான் விட்டவற்றைச் சொல்லி மாளாது. தக்காளிக்குப் பிறகு கத்தரிக்காய், அதற்குப் பிறகு கீரை. பால், தயிர், வெண்ணெய்க்கட்டி. கோதுமை. முட்டை. கடலை, பருப்பு, சாக்லேட். எலுமிச்சையை விட்டபோது அழுதேன், எனக்கு எலுமிச்சை அவ்வளவு பிடிக்கும். ஒன்றை நிறுத்துவேன், கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், "ஆகா, இதுதான் திருடன்" என்று குதிப்பேன். அடுத்த வாரமே மூஞ்சி வீங்கிவிடும். எங்கேயும் போக முடியாது. போனால் யாராவது தட்டை நீட்டி, "ஒரு வாய்தானே, என்ன ஆயிடப்போகுது?" என்பார்கள். சாப்பிடாவிட்டால் திமிர் பிடித்தவள். சாப்பிட்டுச் சிவந்தால் நடிக்கிறாள். என் கூடப்பிறந்த அக்காவே, "மனசுதான்டி காரணம், வேறெதுலயாவது கவனத்தைத் திருப்பு" என்றாள். கவனத்தைத் திருப்பினால் அரிப்பு திரும்பிவிடுமா? போனை வைத்துவிட்டேன்.

இவ்வளவையும் விட்ட பிறகு மிஞ்சியது சோறும் மாமாவின் எலும்பு சூப்பும்தான்.

மாமா என்றால் என் மாமனார். பெரிய துணி ஆலையில் கொதிகலன் ஆபரேட்டராக இருந்தவர். ஆயுள் முழுக்க நீராவி இரைச்சலில் நின்றதால் காது மந்தம். ரகசியத்தைக்கூடத் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார். சமையலறைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர். அத்தைக்குக் கல்லீரல் கெட்டுப் படுத்தபோதுதான் முதல்முறையாக அடுப்பைப் பற்றவைத்தார். அத்தைக்கு எதுவும் உள்ளே போகவில்லை. யாரோ எலும்பு சூப் என்று சொன்னார்கள். எலும்பு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். காலையில் அடுப்பில் ஏற்றி, சின்னத் தீயில், கொதிகலனைப் பார்த்துக்கொள்கிற அதே கண்ணோடு பக்கத்திலேயே நின்று, சாயங்காலம் இறக்குவார். வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து, வாரம் முழுக்கச் சூடு பண்ணிக் கொடுப்பார். டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டியும் அத்தை இருந்தார்கள். "சூப்புதான் அவளை இழுத்துப் பிடிச்சு நிறுத்துச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நாங்களும் ஆமாம் என்போம்.

அத்தை போன பிறகு மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டார். தட்டு வைத்தது வைத்தபடி இருக்கும். இந்தச் சிவப்பெல்லாம் வருவதற்கு முன்னால், ஒரு காய்ச்சலில் நானும் கட்டிலில் விழுந்த அன்றைக்கு, கதவருகே வந்து நின்று, "ஏம்மா, எலும்பு வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். அன்று எழுந்தவர்தான். சவரம் பண்ணிக்கொண்டார், கடைக்குப் போனார், இறைச்சிக் கடைக்காரரிடம் முழங்கால் எலும்புக்காகச் சண்டை போட்டார். காய்ச்சல் போன பிறகும் சூப் நிற்கவில்லை. எனக்கு நோய் வந்ததால் அவர் பிழைத்தார் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். வேடிக்கையாகத்தான் சொல்வார், ஆனால் உண்மை.

பரீட்சை நாளை நினைக்க நினைக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோல் டாக்டர், வயிற்று டாக்டர் என்று ஏறி இறங்கியவள், கடைசியாக ஒவ்வாமை டாக்டர் ஒருத்தரிடம் போய் உட்கார்ந்தேன். கொண்டையில் பென்சிலைச் சொருகிக்கொண்டு, அடுத்த ஆளை உள்ளே விட அவசரப்படுகிற அம்மா. நான் விட்ட சாப்பாடுகளை அடுக்கிக்கொண்டே போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"விட்டதெல்லாம் இருக்கட்டும். விடாம சாப்பிடறது என்ன?"

"சூப்தான் டாக்டர். எலும்பு சூப். அதுல ஒண்ணுமே கிடையாது, உப்பும் தண்ணியும்தான்."

"எவ்வளவு நேரம் கொதிக்கும்?"

"காலையில வச்சா சாயங்காலம் வரைக்கும்." பெருமையாகச் சொன்னேன். "எங்க மாமா பக்கத்துலயே நிப்பார்."

"அன்னிக்கே குடிச்சு முடிச்சிடுவீங்களா?"

"இல்ல, ஃப்ரிட்ஜ்ல வச்சு வாரம் முழுக்க. உடம்பு முடியலைன்னா இன்னொரு கப் சேர்த்துக் குடிப்பேன்."

பென்சிலை உருவி மேசைமேல் வைத்தார். "ஏங்க, ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் நிறுத்திட்டு, இதை மட்டும் நிறுத்தாம விட்டுட்டீங்களே."

அவர் சொன்னது எனக்கு ஏறவே கொஞ்ச நேரம் ஆயிற்று. எந்தச் சாப்பாடு என்பது மட்டும் கணக்கில்லையாம், எவ்வளவு நேரம் கிடந்தது என்பதும் கணக்காம். இறைச்சியும் மீனும் கிடக்கக் கிடக்க, அரிப்பையும் சிவப்பையும் கிளப்புகிற ஹிஸ்டமின் என்ற பொருள் சேருமாம். மணிக்கணக்காகக் கொதித்தாலும் சேரும், ஃப்ரிட்ஜில் நாள்கணக்காக இருந்தாலும் சேரும். சூடு பண்ணினால் கிருமி சாகுமே தவிர இது போகாது. மற்றவர்களுக்கு உடம்பே கழித்துவிடும், சிலருக்குத் தேங்கிவிடும். தேங்கி விளிம்புக்கு வந்த பிறகு தக்காளியைத் தின்றாலும் பொங்கும், எலுமிச்சையைத் தின்றாலும் பொங்கும். கடைசியாகத் தின்றதன்மேல் பழி விழும்.

"பரிசோதனை ஏதாவது இருக்கா டாக்டர்?"

"இதுதான்னு அடிச்சுச் சொல்ற பரிசோதனை கிடையாது. கொஞ்ச நாள் சூப்பை நிறுத்துங்க. அப்பப்போ சமைச்சதை அப்பப்பவே சாப்பிடுங்க. மிச்சம் வேணும்னா ஃப்ரீசர்ல உறைய வைங்க, ஃப்ரிட்ஜ்ல வேணாம். உங்க உடம்பே சொல்லிடும்."

வெளியே வந்து நடைபாதையில் அப்படியும் இப்படியும் நடந்தேன். எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. அத்தனை எலுமிச்சையையும் வீணாக விட்டேனே என்று இருந்தது. அதற்கு மேல் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. இதை மாமாவிடம் யார் சொல்வது?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பாதானே, நீங்க சொல்லுங்க" என்றேன்.

"நானா? இதோ பாரு, லிஃப்ட் நடுவுல நின்னுபோய் உள்ள மாட்டிக்கிட்டவங்களைக்கூட வெளிய எடுத்துடுவேன். அப்பாகிட்ட இதைச் சொல்ல என்னால ஆகாது."

"அப்ப நான் ஸ்டோர் ரூமுக்குப் போகட்டுமா?"

"குடிக்காதே. அதுக்காகச் சொல்லணும்னு இருக்கா? நைசா ஊத்திடு."

இதைவிடக் கோழைத்தனமான யோசனையை நான் கேட்டதில்லை. உடனே ஒத்துக்கொண்டேன், ஏனென்றால் நானும் அதே கோழைதான்.

சாயங்காலம் மாமா சூப் கப்பை நீட்டுவார். நான் வாங்கிக்கொண்டு, "குளிச்சிட்டே குடிக்கிறேன் மாமா" என்று குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, வடிகாலில் ஊற்றிவிடுவேன். "குளிச்சிட்டே எவளாவது சூப் குடிப்பாளா?" என்று வெளியிலிருந்து கத்துவார். நான் உள்ளேயிருந்து உறிஞ்சுகிற சத்தம் எழுப்புவேன். இந்த வயதில் என் பிழைப்பைப் பாருங்கள்.

ஆனால் உடம்பு கேட்டது. ஒரு வாரத்தில் அரிப்பு அடங்கியது. கழுத்தின் சொரசொரப்பு போயிற்று. நள்ளிரவில் தடதடக்கிற இதயம் பேசாமல் இருந்தது. காலையில் கோழித்துண்டும் கேரட்டும் புதிதாக வேகவைத்துச் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு நாள் துணிந்து ஒரு துண்டு ரொட்டி தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. முட்டை தின்றேன். ஒன்றும் ஆகவில்லை! பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்து நாற்காலிக்காரன் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பேரை மாத்தணும்போல இருக்கே" என்றான்.

மாமாவும்தான் பார்த்தார்.

"பாத்தியா?" என்று வீடு அதிரக் கேட்டார். "நான் சொல்லலை? கொஞ்ச நாள் ஆகும், ஆனா பிடிச்சா விடாது. என் சூப்புன்னா சூப்பு!"

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருந்தது, மூடிக்கொண்டேன். அவர் தன் தங்கைக்குப் போன் போட்டு, "கைவிட்ட கேசும்மா, டாக்டர்களே கைவிரிச்சுட்டாங்க, நான்தான்..." என்று ஆரம்பித்தார். அந்த வாரத்திலிருந்து எலும்பு இரண்டு மடங்கு. காலையிலும் ஒரு கப், மாலையிலும் ஒரு கப். நான் குளியலறைக்கும் அடுக்களைக்கும் ஓடுகிற ஓட்டத்தில் இளைத்தேன்.

அடுத்து, குளியலறை வடிகால் அடைத்துக்கொண்டது. அடைக்காமல் என்ன செய்யும், அத்தனை கொழுப்பு! மாமா ஸ்பேனரோடு கிளம்பிவிட்டார். குழாயும் அடைப்பும் அவருக்குக் கைவந்த விஷயம். என் வீட்டுக்காரர் பாய்ந்து போய், "நான் பார்த்துக்கிறேன்பா, உங்களுக்கு முதுகு வலி" என்று ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார். குனிந்து கிடந்து வெள்ளை வெள்ளையாக உறைந்த கொழுப்பை வாளியில் அள்ளினார். "சோப்பா அது?" என்று மாமா கேட்டார். "சோப்புதான்" என்றார் இவர், என்னை நிமிர்ந்து பார்க்காமல். அன்றைக்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பரீட்சை முடியட்டும், மறுநாளே சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பரீட்சை நாள் வந்தது. காலைப் பாதி பிரமாதமாகப் போயிற்று. மேலாளர் இடப்பக்கம், டாக்டர் வலப்பக்கம். டாக்டருக்கு என் குரலைவிட என் கழுத்தின் மேல்தான் கண். தொண்டையில் காசு மாட்டிய குழந்தை, தலைசுற்றி விழுந்த கடைக்காரர், நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டுப் பேச்சு நின்றுபோன ஒரு பெண். அவளைப் பேச வைத்து, எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளை நீக்க வைத்து, வண்டிக்காரர்கள் உள்ளே வரும் சத்தம் கேட்கும்வரை விடவில்லை. மேலாளர் தலையாட்டினார். இன்னும் மதியப் பாதிதான் பாக்கி. இடைவேளை விட்டார்கள்.

கீழே வரவேற்பறையிலிருந்து காவலர் கூப்பிட்டார். "உங்க மாமனார் வந்திருக்காரும்மா."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. இறங்கி ஓடினேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில், தேய்த்த சட்டையோடு, துண்டு சுற்றிய பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் மாறி வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"இன்னிக்கு ஸ்பெஷல்! பரீட்சை நாளாச்சே, தெம்பு வேணும்ல" என்று அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே மூடியில் ஊற்றினார். ஆவி பறந்தது.

"குடுங்க மாமா, மேல போய்க் குடிக்கிறேன்."

"மேசைகிட்ட எதையும் கொண்டுபோகக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே? இங்கேயே குடி."

"அப்புறமா..."

"ஆறிப்போயிடும்மா."

"குடிங்கம்மா, பெரியவர் எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கார்" என்று காவலர் வேறு. அந்த ஆளை அப்படியே தூக்கி வெளியே போடலாம்போல வந்தது.

மூடியை வாங்கினேன். குடித்தால் அரை மணிக்குள் கழுத்தில் ஏறும். மேலே டாக்டர் என் கழுத்துக்காகவே காத்திருக்கிறார். ஊற்றுவதற்கு இங்கே குளியலறை இல்லை, உறிஞ்சுகிற சத்தம் எழுப்பக் கதவு இல்லை. மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேணாம் மாமா."

"ஏன், உப்பு போதலையா?"

"வேணாம்னா விடுங்களேன்!" குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்த குரல் பிறகு இறங்கவில்லை. "இதுதான் மாமா எனக்கு ஆகலை. தக்காளி இல்ல, எலுமிச்சை இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த சூப்புதான். இதைக் குடிச்சுக் குடிச்சுத்தான் சிவந்தேன். இதாலதான் என் வேலையே போகப் பார்த்துச்சு."

காவலர் பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்தார். மாமா என் கையிலிருந்த மூடியைப் பார்த்தார்.

"யார் சொன்னா?"

"டாக்டர். நிறுத்திப் பாருங்கன்னாங்க. நிறுத்தினேன், நல்லாயிட்டேன்."

"நிறுத்தினியா?" பிளாஸ்கில் சுற்றிய துண்டை இழுத்துவிட்டார். "அப்போ அந்த வடிகால்ல அடைச்சது..."

"ஆமா மாமா."

"அவனுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

கத்துவார் என்று நின்றேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு, நான் அவரிடம் கேட்டே அறியாத ஒரு சின்னக் குரலில் பேசினார்.

"அவளுக்கும் சிவக்கும்."

அத்தையைத்தான் சொன்னார்.

"கழுத்துல, முதுகுல, தடிதடியா. சொறிஞ்சுக்கிட்டே கிடப்பா. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன், அப்பவும் சொறிவா. வியாதின்னு நினைச்சேன். தெம்பு வரட்டும்னு இன்னொரு கப் குடுப்பேன்."

"மாமா, அத்தைக்குக் கல்லீரல். அந்த வியாதிக்கே அரிப்பு வரும். அத்தை போனது வியாதியாலதான்."

"போனதைக் கேக்கலம்மா. அது எனக்குத் தெரியும். அரிப்பைக் கேக்கிறேன். கடைசி வரைக்கும் அரிக்குது, அரிக்குதுன்னு அழுதா. போதும்னு கையைத் தள்ளுவா. நான்தான் தலையைப் பிடிச்சுக் குடிக்க வச்சேன்." நிமிர்ந்து பார்த்தார். "அது என் சூப்பா?"

இல்லை மாமா, இல்லவே இல்லை என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஒரு மாதமாக அவரிடம் பொய்யாகவே பேசியிருந்தேன். இன்னொன்று சொல்ல முடியவில்லை.

"தெரியல மாமா. வியாதியாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றார்.

என் கையிலிருந்த மூடியை வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார். மறுபடி பிளாஸ்கைச் சாய்த்து ஊற்றினார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"குடிச்சா எவ்வளவு நேரத்துல வரும்?"

"எனக்கு அரை மணிக்குள்ள. எல்லாருக்கும் வராது மாமா. குடுங்க இப்படி."

"நீ மேல போ. பரீட்சை இருக்கு, போ." அதட்டினார். மேலிருந்து சூப்பர்வைசர் அக்காவும் கைப்பேசியில் கூப்பிட்டாள். போனேன்.

மதியம் எப்படி வேலை செய்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. வரைபடத்தைப் பார்த்தால் கீழே இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலிதான் தெரிந்தது. ஆனால் குரல் பிசகவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டேன், வண்டியை அனுப்பினேன், அடுத்ததை எடுத்தேன். ஷிப்ட் முடிந்ததும் டாக்டர் எழுந்து, "முகத்துல ஒரு புள்ளிகூட இல்லையே" என்று ஏமாந்தவர்போலச் சிரித்தார். மேலாளர் கை கொடுத்தார். அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "நாற்காலி உனக்குத்தான்டி, போ!" பக்கத்து நாற்காலிக்காரன் மேசையைத் தட்டினான். நான் பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கினேன்.

மாமா அங்கேயே இருந்தார். நாற்காலியைக் கண்ணாடிக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, அதில் தெரிகிற தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலடியில் பிளாஸ்க் திறந்து கிடந்தது. காவலர் என்னிடம், "மத்தியானத்துல இருந்து இப்படியேதாம்மா இருக்கார், டீ குடுத்தேன், வேணாம்னுட்டார்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தேறிட்டியா?" என்றார் மாமா.

"தேறிட்டேன் மாமா."

"நல்லது. இங்க வா. வெளிச்சத்துல நின்னு பாரு." சட்டைப் பொத்தானைக் கழற்றி, கழுத்தை வளைத்து என் பக்கம் காட்டினார். "எங்கயாவது சிவந்திருக்கா?"

குனிந்து பார்த்தேன். சுருக்கம் விழுந்த கழுத்து. காலையில் சவரம் பண்ணும்போது விழுந்த ஒரு சின்னக் கீறல். வேறெதுவும் இல்லை.

"இல்ல மாமா."

"நல்லாப் பாரு. பின்னால பாரு."

"பார்த்துட்டேன் மாமா, ஒண்ணுமே இல்ல. வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

"முழுசும் குடிச்சேம்மா" என்றார். "அவ அப்படி அரிச்சுக் கிடந்தா, எனக்கு ஒரு இடத்துலகூட அரிக்கலை." சொல்லிவிட்டு, தேய்த்த சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.